கண்படை நிலை

உறக்கத்தைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. துயில், துஞ்சல், கண்படை, அனந்தல், கண்வளர்தல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் இன்று நம் நாவில் மிகுதியாகப் புழங்குவது தூக்கம் என்னும் சொல். சங்க நூல்களில் தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல் என்பனவே பெரும்பான்மைப் பொருள். தன் கூட்டை மரக்கிளையில் தொங்கவிடும் பறவை தூக்கணாங்குருவி எனப் பெயர் பெற்றதும் அதனால்தான். தொங்குதலைச் சுட்டிய சொல் எவ்வாறு உறக்கத்தைச் சுட்ட வந்தது என்பதை மொழிநூலார் ஆராயட்டும். எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. தொங்குகின்ற பொருள் எதையும் செய்வதில்லை. தன் எடையைக் கயிற்றிடம் ஒப்படைத்துவிட்டு வாளா இருக்கின்றது. உறக்கமும் அத்தகையதே. உண்பதும் நடப்பதும் படிப்பதும் போல அது நாம் முயன்று செய்யும் வினையன்று. நம்மை ஒப்படைத்த அளவில் தானே வந்து சேர்வது. விளக்கணைத்துப் படுத்தும் நெடுநேரம் புரண்டுகொண்டிருப்பார்க்கு உள்ள இடர்ப்பாடு, உடல் பாயிடம் ஒப்படைத்துவிட்ட எடையை உள்ளம் எவரிடமும் ஒப்படைக்க மறுப்பதேயாகும்.

தொல்காப்பியர் பாடாண் திணையில் கண்படை நிலை என்றொரு துறையை வைத்திருக்கின்றார். அவையில் நெடும்பொழுது வீற்றிருக்கும் அரசனை நோக்கி, இனித் துயில் கொள்க என்று மருத்துவரும் அமைச்சரும் முதலாயினோர் வேண்டுவது அத்துறை என்பது நச்சினார்க்கினியர் உரை. இத்துறையை வகுப்பில் நடத்தும் ஆண்டுதோறும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுவதுண்டு. உறங்கச் சொல்வதற்கும் ஒரு துறையா என்னும் சிரிப்பு அது. ஆயினும் எண்ணிப் பார்த்தால், நாட்டை ஆளும் மன்னனுக்கே அன்றைய நாள் முடிந்துவிட்டது என்று சொல்லப் பிறர் ஒருவர் வேண்டியிருந்தது என்பது சிறிய செய்தியன்று. மன்னனுக்கு அமைச்சர் இருந்தனர். தொட்டில் குழந்தைக்குத் தாலாட்டு இருக்கின்றது. தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கும், மகளின் திருமணத்துக்குப் பொருள் தேடும் தந்தைக்கும், இயந்திரம் போல் இயங்கிவிட்டு நள்ளிரவில் கண் மூடும் இல்லத்தரசிக்கும் "போதும்" என்று சொல்லும் குரல் எங்கிருந்து வரும்?

குறுந்தொகையில் கொல்லன் அழிசி என்னும் புலவர் பாடிய 138-ஆம் பாடலை மாணவர்கள் அறிந்திருப்பர். ஊரெல்லாம் உறங்கிவிட்ட நள்ளிரவில் உறங்காதிருப்போர், வீட்டருகே நிற்கும் நொச்சியின் பூக்கள் உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பதாகப் பாடல் செல்லும். நொச்சிப்பூ மண்ணில் விழும் ஓசை ஒருவர் காதில் கேட்குமா என்று ஐயுறுவோர், உறக்கமின்றி ஓர் இரவேனும் கழித்திராதவர். கேட்கும். மின்விசிறியின் உரசலும், அடுத்த தெருவில் குரைக்கும் நாயும், தன் நெஞ்சின் துடிப்பும் கூடக் கேட்கும். உறக்கமின்மையை ஆய்வோர் இந்நிலையை மிகைவிழிப்பு என்கின்றனர். உடல் களைத்துச் சோர்ந்திருக்கவும், மூளை மட்டும் ஏதோ இடர் வரக் காத்திருப்பதுபோல் செவி தீட்டிக்கொண்டிருக்கும் நிலை அது. அகத்திணைத் தலைவிக்கு இரவுக்குறியில் வரவேண்டிய தலைவனுக்காக விழித்திருக்கக் காரணம் இருந்தது. நம்மில் பலர் எவர் வருகைக்கும் அன்றியே விழித்திருக்கின்றோம்.

2009-ஆம் ஆண்டில் அத்தகைய இரவுகள் எனக்கு வாய்த்தன. அத்தாவுக்குப் பக்கவாதம் கண்டு வலப்புறம் செயலற்றுப் போயிற்று, பேச்சும் குழறியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் நடத்திய மளிகைக்கடையின் கதவு மூடப்பட்டது. இளைய தங்கைக்கு மணம் பேசி முடித்திருந்த நேரம். என் ஆய்வேட்டை ஒப்படைக்க ஆறு திங்களே எஞ்சியிருந்தன. பகலில் இக்கவலைகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வரும். இரவில் விளக்கணைந்ததும் வரிசை குலைந்து ஒருங்கே வாசலில் முட்டும். மருந்துச் சீட்டை எங்கே வைத்தேன், கடன் தந்தவர் எந்தக் கிழமை வருவதாகச் சொன்னார், நான்காம் இயலில் அந்த மேற்கோளின் பக்க எண் என்ன என்று பெரிதும் சிறிதுமாகப் பின்னிப் பிணைந்து வரும். பதினொரு மணிக்குப் படுத்தவன் சுபுஹு பாங்கு கேட்டு எழும்போது, உறங்கி எழுந்ததாகவே தோன்றாது. இவ்வாறு ஏறத்தாழ எட்டுத் திங்கள்.

அக்காலத்தில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. "ஒன்றையும் நினையாமல் படு" என்பதே பலரும் சொன்னது. சொன்னவர் அனைவரும் என்மேல் அன்புடையவரே. ஆயினும் குரங்கை நினையாமல் மருந்து குடிக்கச் சொன்ன வைத்தியர் கதையை நம் பாட்டிமார் நமக்குச் சொல்லித்தானே வளர்த்தனர்? கிண்ணத்தை வாயருகே கொண்டு செல்லும்போதெல்லாம் குரங்கு வந்து நிற்கும். மருந்து உள்ளே போகாது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் இதனையே ஆய்வாகச் செய்து வெளியிட்டார். அவர் குரங்குக்கு மாற்றாக வெண்கரடியைக் கொண்டார். வெண்கரடியை நினைக்க வேண்டா என்று மாணவர்களிடம் சொல்லி, நினைவு வரும்போதெல்லாம் மணியை அடிக்கச் செய்தார். மணி ஓயவில்லை. அதைவிட வியப்பு, பின்னர் இனி நினைக்கலாம் என்று விடுத்தபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க இசைவு பெற்றிருந்தவர்களைக் காட்டிலும் அவர்களுக்குக் கரடி மிகுதியாக வந்தது. அடக்கிய எண்ணம் அடங்குவதில்லை; முறை வைத்துத் திரும்பி வருகின்றது. எனவே, எண்ணாதே என்னும் அறிவுரை உறங்காதவனுக்கு ஏற்ற அறிவுரையன்று என்பது என் துணிபு.

அத்தாவைப் பார்த்துவந்த மருத்துவர் ஒரு நாள் என் கண்களைக் கவனித்துவிட்டு, "படுத்ததும் முதலில் என்ன நினைவு வருகிறது, சார்?" என்று வினவினார். சற்று எண்ணிப் பார்த்து, மறந்துவிடக் கூடாதவையே வருகின்றன என்றேன். அவர் சிரித்தார். "அப்படியானால் உங்கள் மனத்தைக் காவலுக்கு வைத்திருக்கிறீர்கள். காவல்காரனிடம் போய்த் தூங்கு என்றால் எப்படித் தூங்குவான்? அவனை மாற்றிவிட வேறு ஆள் வேண்டும். ஒரு நோட்டு வாங்குங்கள். இருட்டும் முன்பே எழுதிவிடுங்கள். படுக்கையில் உட்கார்ந்து எழுத வேண்டா."

மாத்திரை எழுதித் தருவார் என்று எதிர்பார்த்துச் சென்ற எனக்கு இது ஏமாற்றமாகவே இருந்தது. ஆயினும் வீடு திரும்பி அத்தாவின் மேசை அறையைத் திறந்தபோது அந்த நோட்டு அங்கேயே இருந்தது.

அத்தா கடையை அடைத்ததும் கல்லாவை எண்ணுவார். அன்றைய வரவு செலவை நாள்வழியில் ஏற்றுவார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி மறுநாளுக்குரியவற்றை நாலைந்து வரியில் குறித்துக்கொள்வார். நோட்டை மேசையறையில் வைத்துப் பூட்டியபின், "நாளைக்கு உள்ளது நாளைக்கு" என்பார். சாப்பிட்டு, இஷா தொழுது, திண்ணையில் பாயை விரித்தால் பத்து எண்ணும் முன் குறட்டை ஒலி கேட்கும். அவர் அதனை உறக்கத்துக்கு வழி என்று எண்ணிச் செய்தவர் அல்லர். சரக்குச் சொல்ல மறந்தால் வணிகம் கெடும் என்பதற்காகச் செய்தார். முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்று பேசும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. ஆனாலும் பயன் ஒன்றை நாடிச் செய்த செயல் வேறொரு பயனையும் தந்துகொண்டிருந்தது என்பதை மறுக்கவியலாது.

அந்நோட்டின் இறுதிப் பக்கத்தில், நோய் கண்ட நாளுக்கு முந்திய இரவு எழுதிய மூன்று வரிகள் இருந்தன. கடலைப்பருப்பு இரண்டு மூட்டை சொல்ல வேண்டும். பின்கட்டு ஓடு நான்கு மாற்ற வேண்டும். பள்ளிவாசல் சந்தா. அம்மூன்றின் கீழ் ஒரு கோடு இழுத்துவிட்டு என் வரிகளை எழுதத் தொடங்கினேன். பருப்புக்கு இனி வேலையில்லை. சந்தாவை அந்த வெள்ளிக்கிழமையே செலுத்தினேன். மழை தொடங்கும் முன் ஓட்டையும் மாற்றினேன்.

இந்த எளிய செயலுக்குப் பின்னால் உள்ள உளவியலை நான் அறிந்தது பல்லாண்டுகளுக்குப் பிறகே. புளூமா சைகார்னிக் என்னும் பெண்மணி, பெர்லின் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வை 1927-இல் வெளியிட்டார். முடித்த வேலைகளைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலைகளே நினைவில் நன்கு நிற்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. பின்வந்தோர் சிலர் செய்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிசெய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் முடியாத வேலை நம்மை மீண்டும் மீண்டும் தன்பால் இழுக்கும் என்பதை நாம் அனைவரும் பட்டறிந்திருக்கின்றோம். 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்கல்லினும் உடன் ஆய்ந்தோரும் இதனை உறக்க ஆய்வுக்கூடத்திலேயே சோதித்தனர். இளைஞர் 57 பேரை இரு பிரிவாக்கி, படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதச் செய்தனர். ஒரு பிரிவினர் அண்மை நாள்களில் முடித்த வேலைகளை எழுதினர். மறு பிரிவினர் வரும் நாள்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினர். செய்ய வேண்டியவற்றை எழுதியோர் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினர் என்று மூளையின் மின்னலைப் பதிவுகள் காட்டின. அவர்களுள்ளும் எவர் விரிவாகவும் குறிப்பாகவும் எழுதினரோ அவர் இன்னும் விரைவில் உறங்கினர். முடித்ததை எண்ணி மகிழ்வதைவிட முடியாததை எழுதி வைப்பதே துயில் தந்தது என்பது நாம் எதிர்பார்ப்பதற்கு மாறானது அன்றோ? ஓர் ஆய்வுக்கூடத்தில் ஐம்பத்தெழுவரைக் கொண்டு கண்ட முடிவுதான். அதனை அந்த அளவில் கொள்வோமாக. என் நோட்டைப் பொறுத்தவரை அம்முடிவு முற்றும் பொருந்துகின்றது.

குறிப்பாக எழுதுவது என்பதை ஒரு மாணவர் வாயிலாகவே நான் நன்கு விளங்கிக்கொண்டேன். 2021-இல் முதுகலை பயின்ற அவர், ஒரு மாலை துறை அறைக்கு வந்து, "ஐயா, தூக்க மாத்திரை எந்த மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தருவார்கள்?" என்று கேட்டார். கேட்ட முறையிலேயே அவர் பல இரவுகள் உறங்கவில்லை என்பது தெரிந்தது. அவருடைய அத்தா வளைகுடா நாட்டில் வேலையிழந்து 2020-இல் ஊர் திரும்பியிருந்தார். அக்காளின் நகை வங்கியில் இருந்தது. விடுதிக் கட்டணம் பாக்கி. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு தாளைக் கொடுத்து, இரவில் வருபவற்றையெல்லாம் எழுதச் சொன்னேன். "குடும்பக் கடன்", "அக்கா நகை", "தேர்வு", "எதிர்காலம்" என்று நான்கு சொற்களை எழுதி நீட்டினார்.

இப்படி எழுதுவதில் பயனில்லை. எதிர்காலம் என்னும் ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு உறங்கச் சென்றால், அச்சொல் பாதி இரவில் வந்து தட்டி எழுப்பும். அது வேலையன்று, மூட்டை. அவிழ்த்தால் உள்ளே என்ன இருக்கின்றது என்று பார்க்க வேண்டும். இருவரும் அமர்ந்து அவிழ்த்தோம். அக்கா நகை என்பது, திங்கட்கிழமை வங்கிக்குச் சென்று வட்டி எவ்வளவு ஏறியிருக்கின்றது, மீட்பதற்குக் கடைசி நாள் எது என்று கேட்டு வருவது என்றாயிற்று. தேர்வு என்பது, இலக்கணத்தாளில் இதுவரை தொடாத இரண்டு இயல்களை எந்த நாளில் தொடங்குவது என்றாயிற்று. விடுதிக் கட்டணத்துக்குத் தவணை கேட்டு விண்ணப்பம் எழுதுவது ஒரு வரியாயிற்று. நான்கு மூட்டைகளை அவிழ்த்ததில் பதினொரு வரிகள் வந்தன. அவற்றுள் ஏழு, அவரால் செய்யக்கூடியவை. ஏழுக்கும் நேரே கிழமையைக் குறித்தோம்.

எஞ்சிய நான்கு? அத்தாவுக்கு மீண்டும் வேலை கிடைக்குமா, அக்காளின் வீட்டார் நகையைப் பற்றி என்ன பேசுவர் என்பன போன்றவை. இங்கேதான் பட்டியல் எழுதச் சொல்லும் பலரும் பேசாமல் நழுவிவிடுகின்றனர். செய்யத்தக்கது ஏதுமில்லாத கவலையைப் பட்டியலில் சேர்த்தால் பட்டியலே கவலையாகிவிடும். இவற்றைத் தனித்தாளில் எழுதி, ஒவ்வொன்றைப் பற்றியும் அடுத்த செய்தி எவரிடமிருந்து, ஏறத்தாழ எப்போது வரக்கூடும் என்று மட்டும் குறிக்கச் சொன்னேன். அதுவரை அதைப் பற்றி அறிய ஒன்றுமில்லை என்பது தாளில் தெரிந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் பார்கோவெக்கும் அவர் குழுவினரும் 1983-இல் வெளியிட்ட முறை ஒன்றும் எங்களுக்குக் கைகொடுத்தது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரைமணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். பிற நேரத்தில் கவலை தலைகாட்டினால் உன் நேரம் பின்னர் வரும் என்று தள்ளிவைக்க வேண்டும். அடக்குவது வேறு, தவணை சொல்வது வேறு. குரங்கை விரட்டினால் வரும். மாலை ஆறு மணிக்கு வா என்றால் சில வேளைகளில் கேட்கும். மாணவர் விடுதியின் மொட்டை மாடியை அதற்குத் தேர்ந்துகொண்டார். அந்த வாரம் இரண்டே இரவுகள் நன்றாக உறங்கியதாகச் சொன்னார். அடுத்த வாரம் நான்கு. மாத்திரைப் பேச்சு அதன்பின் எழவில்லை.

மாத்திரையைப் பற்றி ஒரு சொல். உறக்க மாத்திரைகள் பலவும் மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதவை. அவ்வாறு விதித்ததற்குத் தக்க காரணமும் உண்டு. சில வாரத்திலேயே உடல் அவற்றுக்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் முன்னிலும் மோசமாக உறக்கம் கெடும். வாரத்தில் மூன்று இரவுகளாக மூன்று திங்கள் வரை உறக்கமின்மை நீடித்தால் மருத்துவரிடம் செல்வதே முறை. நாள்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது மாத்திரையன்று, எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்செய்யும் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்திருக்கின்றது. பேரச்சமோ, வாழ்வே வேண்டா என்னும் எண்ணமோ கூடவே வந்தால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

உள்ளத்தை எழுத்தால் ஆற்றியபின் உடலையும் சற்றுக் கவனிக்க வேண்டும். எட்மண்ட் ஜேகப்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1929-இல் வெளியிட்ட நூலில் தசைகளைப் படிப்படியாகத் தளர்த்தும் முறையை விளக்கினார். கால்விரல்களைச் சில நொடி இறுக்கிப் பின் தளரவிடுவது; அடுத்துக் கெண்டைக்கால்; அடுத்துத் தொடை; இவ்வாறே வயிறு, தோள், கை, தாடை, நெற்றி வரை. இறுக்கும்போதுதான் அதுவரை தாடையைக் கடித்துக்கொண்டிருந்தோம் என்பதே நமக்குத் தெரியவரும். மூச்சை உள்ளிழுக்கும்போது நாடித்துடிப்பு சற்று விரைவதும் வெளிவிடும்போது தணிவதும் இயல்பு. ஆகவே வெளிமூச்சை நீளவிடுதல் நலம். வெதுவெதுப்பான நீரில் குளிப்பதும் துணைசெய்யும். படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு அவ்வாறு குளித்தோர் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாக உறங்கினர் என, முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2019-இல் அறிவித்தனர். தோலுக்குக் குருதி பாய்ந்து, உடலின் உள்வெப்பம் தணிவதே காரணமாம். நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் எவர் வெந்நீரில் குளிப்பார் என்று கேட்கலாம்; மார்கழிக்கு வைத்துக்கொள்வோம். கைப்பேசியைப் பற்றி இளைஞரிடம் பேசி நானும் சலித்துவிட்டேன். அதன் ஒளியைவிட அதில் வரும் செய்திதான் எனக்குப் பெரும்பகையாகத் தோன்றுகின்றது. நோட்டை மூடியபின் புதிதாக ஒரு கவலையை உள்ளே விடும் வாசல் அது.

இஷாத் தொழுகைக்குப் பின் வீண்பேச்சில் பொழுது கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை ஹதீஸ் தொகுப்புகள் வாயிலாக அறிகின்றோம். நாளுக்கு ஒரு வாசற்படி இருக்க வேண்டும், அதைத் தாண்டியபின் புதிய பேச்சு வேண்டா என்னும் ஒழுங்கு அதில் இருப்பதாக நான் உணர்கின்றேன். ஆனால் நம் பெரியவர்களிடம் பணிவுடன் ஒன்று கூற வேண்டியிருக்கின்றது. உறக்கம் வரவில்லை என்று ஓர் இளைஞன் சொன்னால், உனக்கு இறைநம்பிக்கை போதவில்லை என்று விடையிறுக்க வேண்டா. ஐவேளையும் தவறாது தொழுதவர்களும், இறைவன்மீது பாரத்தைப் போட்டவர்களும், நோயாளியின் கட்டிலருகே உறங்காது தவித்ததை நான் கண்டிருக்கின்றேன். உறங்காதவன் ஏற்கெனவே பலவற்றுக்காகத் தன்னை நொந்துகொண்டிருப்பான். அவன் ஈமானையும் அந்த இரவில் நிறுத்துப் பார்க்க வைப்பது பாரத்தைக் கூட்டுவதே ஆகும். தஸ்பீஹ் ஓதிக்கொண்டே அவன் கண் அயரட்டும். அயராவிட்டாலும் அது அவன்மேல் குற்றமன்று.

இவ்வளவும் செய்தும் உறக்கம் வராத இரவுகள் இன்றும் உண்டு. அப்போது படுக்கையில் போராடுவதில்லை. ஏறத்தாழ இருபது நிமிடம் ஆயிற்று என்று தோன்றினால் எழுந்து அடுத்த அறைக்குச் செல்கின்றேன், கடிகாரம் பார்ப்பதில்லை. படுக்கையை உறங்காமல் தவிக்கும் இடமாக உடல் பழகிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ரிச்சர்டு பூட்ஸின் என்பார் 1972-இல் வகுத்த முறை இது. மங்கிய விளக்கில் ஏதேனும் படிக்கலாம். புதினம் ஆகாது, முடிவு தெரியும்வரை விடாது. சேனாவரையரின் உரை எனக்குப் பெரிதும் உதவியிருக்கின்றது என்று சொன்னால் இலக்கண ஆசிரியர்கள் சினம் கொள்ள வேண்டா. அவர் வாதத்தைப் பின்தொடர முயலும் மூளைக்குக் கடன் நினைவு வருவதற்கு இடமில்லை. இரண்டு நூற்பாவுக்குமேல் சென்றதாக நினைவில்லை. கண் செருகும்போது எழுந்து சென்று படுத்துவிடுவேன்.

நோட்டுக்கு அடங்காத ஒன்றும் உண்டு. 2014-இல் அத்தா மறைந்தார். அந்த இரவுகளிலும் பழக்கத்தால் நோட்டைத் திறந்தேன். எழுத ஒன்றுமில்லை. செய்ய வேண்டியவை அனைத்தும் செய்து முடிந்திருந்தன. துயரத்தில் முடியாத வேலை என்று எதுவுமில்லை. ஆதலால் தவணை சொல்லித் தள்ளிவைக்கவும் அங்கே எதுவுமில்லை. அம்மா இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் தங்கைகளும் பிள்ளைகளும் நானும் நடுக்கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தோம். விளக்கணைந்தபின் அம்மா அத்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். கடை தொடங்கிய ஆண்டில் எலி கடித்த சர்க்கரை மூட்டை, கல்யாணத்துக்கு மறுவாரம் பேருந்தைத் தவறவிட்டு இருவரும் ஏழு கல் நடந்து வந்தது, கடன் கேட்டு வந்தவரிடம் இல்லையென்று சொல்ல நாணிப் பின்வாசல் வழியே வெளியேறியது என்று ஒவ்வோர் இரவும் ஒன்று. புதிதாக ஏதும் இல்லை; எல்லாம் நாங்கள் முன்பே கேட்டவை. எவரும் குறுக்கே பேசமாட்டோம். பிள்ளைகள் முதலில் உறங்குவர், பிறகு தங்கைகள். கதை எந்த இடத்தில் நின்றது என்று காலையில் கேட்டால் எங்களில் எவருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.